புண்பட்ட உள்ளமும் புரவியின் துணையும்

இராமநாதபுரச் சீமையிலிருந்தும் மதுரை, நெல்லைப் பகுதிகளிலிருந்தும் கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்து குடியேறிய நம் முன்னோர் தம்முடன் எத்தனையோ பொருள்களைக் கொண்டுவந்தனர். கொண்டுவர இயலாமல் விட்டுவந்தவையும் பல. அவற்றுள் ஒன்று, ஊர் எல்லையில் ஐயனார் கோயிலின் முன் நின்ற மண்குதிரை. வேளார் கைவண்ணத்தில் உருவாகி, முன்கால் தூக்கி, கழுத்து நிமிர்ந்து நிற்கும் அக்குதிரைகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். இரவில் ஐயனார் அவற்றின்மீது ஏறி ஊரைச் சுற்றிக் காவல் புரிவார் என்பது நம்பிக்கை. அந்திவேளையில் அவ்வழியே அஞ்சி அஞ்சி நடந்துவரும் சிறுவன், அக்குதிரைகளைக் கண்டதும் அச்சம் தெளிந்து வீடு சேர்வான்.

அச்சத்துக்குக் குதிரையைக் காவலாக வைத்த நம் நாட்டு மக்களின் எண்ணம் எவ்வளவு நுட்பமானது என்பதை இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறும் ஒரு பணி நமக்கு உணர்த்துகிறது. பேரிடரும் போரும் வீட்டுத் துயரும் தாக்கி, உள்ளம் புண்பட்ட இளையோரை உயிருள்ள குதிரையின் அருகில் நிறுத்தி, நல்ல வழித்துணைவர் ஒருவரின் உதவியோடு மெல்ல மெல்லத் தேற்றும் பணியே அது. நம் தீவுகளில் குதிரையைக் காண்பது அரிது. ஆயினும் அப்பணியின் உட்பொருள் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டுவது. ஏன் வேண்டுவது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழரும் குதிரையும்

குதிரை தமிழ் மண்ணில் பெருவாரியாகப் பிறந்த விலங்கன்று. கலமேறி வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் குதிரை வாணிகம் நடந்ததை மார்க்கோ போலோ தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறியாத தமிழர் இலர். இன்றும் கோடியக்கரையின் உப்பங்கழி நிலங்களிலும், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிலும், உரிமையாளர் இன்றித் திரியும் மட்டக்குதிரைகளைக் காணலாம். நெடுந்தீவுக் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்பர். தீவில் வாழும் தமிழர்க்குக் குதிரை முற்றிலும் அயலானதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

ஒரு பெண்ணின் வெற்றி

குதிரையின் துணை உடலுக்கு மருந்தாகும் என்பதை உலகறியச் செய்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்னும் மாது. 1944 ஆம் ஆண்டில், வயிற்றில் குழந்தையோடு இருந்த காலத்தில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. குதிரையேற்றத்தில் தேர்ந்திருந்த அவருக்கு முழங்காலுக்குக் கீழே உணர்வும் வலிமையும் போயின. இனிக் குதிரை ஏறுவது கனவே என்று பலரும் கருதினர். அவரோ அக்கனவை விடவில்லை. பிறர் தூக்கி ஏற்றிவிட, ஜூபிலி என்னும் தம் குதிரைமீது அமர்ந்து பழகினார். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956 இல் மீண்டும் ஒரு வெள்ளிப் பதக்கம் அவரை வந்தடைந்தது.

இவ்வெற்றியைக் கண்ட மருத்துவர்கள் பலர், கால் வழங்காத குழந்தைகளைக் குதிரைமீது அமர்த்திப் பயிற்றத் தொடங்கினர். குதிரை நடக்கும்போது அதன் முதுகில் எழும் அசைவு, மனிதன் நடக்கும்போது இடுப்பில் எழும் அசைவை ஒத்தது. நடவாத குழந்தையின் உடலுக்கு நடையின் தாளத்தைக் குதிரை கற்பிக்கிறது. 1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தனிச் சங்கங்களே அமைந்தன.

உடலுக்கு உதவிய விலங்கு உள்ளத்துக்கும் உதவுமா என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்சன், எவரோடும் பழகாது ஒதுங்கியிருந்த சிறுவன் ஒருவன் தம்மிடம் அழைத்துவரப்பட்ட நாளில், தம் நாய் ஜிங்கிள்ஸ் அங்கே இருந்ததையும், அச்சிறுவன் அதனோடு நெருங்கிப் பழகத் தொடங்கியதையும் கண்டார். மனிதரிடம் மூடிக்கொண்ட கதவை விலங்கு திறந்துவிட்டது! 1962 இல் அவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது நகைத்தவர்களும் உண்டு. இன்று அவரை இத்துறையின் முன்னோடி எனப் போற்றுகின்றனர்.

குதிரை ஏன்?

நாயும் பூனையும் இருக்கக் குதிரையை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது குதிரை. ஆகவே, எப்போதும் விழிப்பாக இருப்பதே அதன் இயல்பு. முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் ஏறத்தாழச் சுற்றிலும் உள்ள யாவற்றையும் அது காண்கிறது. காதுகள் ஒலி வரும் திசைக்கெல்லாம் திரும்புகின்றன. அருகில் வருபவன் சினத்தோடு வருகிறானா, அமைதியோடு வருகிறானா என்பதை அது வெகு விரைவில் உணர்ந்துகொள்கிறது. மனிதரின் சினந்த முகத்தைப் படத்தில் கண்டபோதும் குதிரைகளின் இதயத் துடிப்பு மிகுந்ததை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இனி, பேரச்சத்துக்கு உள்ளான பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளையும் குதிரையைப் போன்றே எப்போதும் விழித்திருக்கிறது. கதவு அடிபட்டால் துள்ளி எழுகிறது. உறக்கத்தில் அலறுகிறது. பேசுவோரின் சொல்லைவிட முகத்தையே உற்றுநோக்குகிறது. ஆபத்து நீங்கிப் பல மாதங்கள் ஆன பின்னும் அதன் உடல் ஆபத்து இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. இதனையே இலங்கைத் தமிழர் ‘மனவடு’ என்று அழகிய சொல்லால் குறிக்கின்றனர். புண் ஆறினும் வடு நின்றுவிடுகிறது அல்லவா?

ஆயினும் குதிரைக்கும் அப்பிள்ளைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அச்சம் வந்தால் குதிரை ஓடும். அச்சம் நீங்கினால் நின்று, பெருமூச்சு விட்டு, தலை தாழ்த்தி மீண்டும் மேயத் தொடங்கும். பிள்ளையோ ஓட்டத்தை நிறுத்த அறியாது தவிக்கிறது. மீண்டும் மேயக் கற்பதே அதற்கு வேண்டிய கல்வி. அக்கல்வியைச் சொல்லாமல் சொல்லித்தரும் ஆசான் குதிரை.

எவ்வாறு நடைபெறுகிறது?

இப்பணியில் குதிரையேற்றம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் தரையில் நின்றபடியே யாவும் நடைபெறும். முதல் நாளில் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறது. வழித்துணைவர் அருகில் நிற்கிறார், எதையும் வற்புறுத்துவதில்லை. பின்னொரு நாள் பிள்ளை உள்ளே வந்து, குதிரை அனுமதிக்கும் தொலைவில் நிற்கிறது. விரைந்து நெருங்கினால் குதிரை விலகுகிறது. மூச்சை நிதானப்படுத்தி, தோளைத் தளர்த்தி, மெல்ல நடந்தால் விலகாது நிற்கிறது. குதிரையை நிறுத்த வேண்டுமானால் முதலில் தன்னை நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டறிகிறது. எவ்வளவு பெரிய பாடம் இது!

அடுத்து, குதிரையைத் தேய்த்துவிடுதல், தண்ணீர் காட்டுதல், கயிறு பிடித்து நடத்திச் செல்லுதல் ஆகியன. தன்னினும் பன்மடங்கு பெரிய விலங்கு தன் பின்னே அமைதியாக நடந்து வருவதைக் காணும்போது, ‘என்னால் எதுவும் ஆகாது’ என்றிருந்த பிள்ளையின் உள்ளத்தில் தன்னம்பிக்கை தளிர்க்கிறது.

வழித்துணைவர் கேட்கும் வினாவில்தான் நுட்பம் இருக்கிறது. “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று அவர் கேட்பதில்லை. “குதிரை ஏன் பின்வாங்கியது என்று நினைக்கிறாய்?” என்று கேட்கிறார். “அதற்குப் பயமாக இருந்திருக்கும்” என்கிறது பிள்ளை. “பயம் போக என்ன செய்யலாம்?” “கொஞ்ச நேரம் பேசாமல் அருகில் நிற்கலாம்.” குதிரையைப் பற்றிப் பேசுவதுபோல் பிள்ளை தன்னைப் பற்றியே பேசுகிறது. நேரே சொல்ல நாணியதும் அஞ்சியதும் இவ்வாறு வழி கண்டு வெளிவருகின்றன.

இதன் பயனை அளந்தறியவும் முயன்றுள்ளனர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், போரினால் உள்ளம் புண்பட்ட முன்னாள் படைவீரர் 63 பேரைக் கொண்டு, வாரம் ஒன்றாக 8 அமர்வுகள் நடத்தினர். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் குறிப்பிடத்தக்க நலம் காணப்பட்டதாக 2021 இல் வெளியிட்டனர். எனினும் குதிரையின் துணை பெறாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சி அன்று அது. ஆகவே, குதிரை எல்லாத் துயரையும் தீர்க்கும் என்று கூறுவது மிகையாகும். குதிரை மருத்துவர் அன்று. மருத்துவருக்கும் வழித்துணைவருக்கும் துணை. பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் குழந்தையைக் குதிரையருகில் விடுதல் தீங்கிலும் முடியும்.

நம் தீவுகளின் வடு

இவற்றையெல்லாம் நாம் ஏன் எண்ண வேண்டும்? 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலை ஆறரை மணி அளவில் நிலம் குலுங்கியதை இத்தீவுகளில் மறந்தவர் எவர்? அதனைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் நம் தீவுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

நம் இனத்தாரும் அத்துயரில் பங்குபெற்றனர். 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருள் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஒரு தீவை இழந்து மற்றொரு தீவுக்கு வந்த மக்கள் அவர்கள். பேரலை மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. நிக்கோபாரியப் பழங்குடி மக்களின் இழப்போ சொல்லில் அடங்காதது.

அந்நாளில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநலக் கழகத்தின் மருத்துவர்கள் போர்ட் பிளேருக்கு வந்து, நிவாரண முகாம்களில் பணி செய்தனர். ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் பயிற்சி தந்தனர். குழந்தைகளைத் தனியே அமர்த்தி வினவுவதைவிட, அவர்களை ஒன்றுகூட்டி விளையாடவும் வரையவும் கதை சொல்லவும் வைத்தலே நலம் பயக்கும் என்பது அப்பணியின் அடிப்படை.

இதே நெறியை நம்மவர் ஈழத்திலும் கண்டனர். போரினால் நைந்த மட்டக்களப்பில் 1996 ஆம் ஆண்டு ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ தொடங்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளும் அதனை உருவாக்கியவர்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒருங்கு கூடி, மண் பிசைந்தும் வண்ணம் தீட்டியும் கதை புனைந்தும் நாடகம் ஆடியும் மகிழ்ந்தனர். போரின் துன்பத்தை அறிந்த இளைஞர்களும் மகளிருமே அவர்களுக்கு வழித்துணையாயினர். அங்கே மரமும் மண்ணும் கதையும் செய்த பணியைத்தான் வேறிடங்களில் குதிரை செய்கிறது. குழந்தை அஞ்சாது நிற்க ஓரிடம், அவசரப்படுத்தாத ஒரு துணை: இவ்விரண்டுமே யாண்டும் வேண்டுவன.

பேரலை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அன்று எட்டு வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று கையில் குழந்தையோடு இருக்கிறாள். அவளிடம் அன்று நாம் கூறியது என்ன? “மறந்துவிடு அம்மா, அழாதே” என்பதே. அன்பினால்தான் அவ்வாறு கூறினோம். ஆனால் மறக்கச் சொன்னதால் எவரும் மறந்ததில்லை. பேசாதிருக்க மட்டுமே கற்றனர்.

பேசாத துயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் இந்தியா முழுவதிலும் இலட்சத்துக்கு 12.4 பேர்; நம் தீவுகளில் இலட்சத்துக்கு 42.8 பேர். முந்திய 2021 ஆம் ஆண்டிலோ, நாட்டிலேயே மிகுந்த விகிதம் நம்முடையது. மக்கள்தொகை குறைந்த இடத்தில் விகிதம் ஏறியிறங்கும் என்பது உண்மையே. இதற்கெல்லாம் பேரலையே காரணம் என்று கூறுதலும் பொருந்தாது. குடி, கடன், வேலையின்மை, குடும்பப் பூசல், தனிமை எனக் காரணங்கள் பல. ஆயினும் இவ்வெண்ணைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் நமக்குத் தகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

குதிரையை வரவழைக்க நம்மால் இயலாது, வேண்டியதும் இல்லை. நம் வீடுகளில் பசுவும் கன்றும் உள்ளன. ஆடும் கோழியும் உள்ளன. திண்ணையில் நாய் படுத்திருக்கிறது. துயருற்ற பிள்ளையிடம் ஒரு கன்றை ஒப்படையுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் அதற்குத் தண்ணீர் காட்டவும் தழை இடவும் பொறுப்புக் கொடுங்கள். ‘என்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது’ என்னும் எண்ணம் இளம் உள்ளத்துக்கு ஊன்றுகோல். ராஸ் தீவு என நாம் வழங்கும் நேதாஜி தீவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், அங்குள்ள புள்ளிமான்கள் அமைதியாக இருப்போரின் அருகே வருவதைக் காட்டலாம். மான் நெருங்கும்வரை பொறுத்திருக்கக் கற்ற பிள்ளை, தன் மனம் அடங்கும்வரை பொறுத்திருக்கவும் கற்கும்.

பெரியோர் செய்ய வேண்டியது சிறிதே, ஆனால் அரிது. பிள்ளையின் அருகில் அமருங்கள். நேர்ந்ததைக் கூறும்படி வற்புறுத்தாதீர்கள். கூறத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள், “இதற்கா அழுகிறாய்?” என்று எள்ளாதீர்கள், பிறர்முன் அடித்தல் கூடவே கூடாது. மாமாவோ சித்தியோ ஆசிரியரோ அடுத்த வீட்டு அண்ணனோ, பிள்ளை தானே நாடும் ஒருவர் வாரத்தில் ஒருமுறை தவறாது வந்து அதனோடு சிறிது நேரம் கழிக்கட்டும். வருவதாகச் சொன்ன நாளில் வருவதே வழித்துணைவரின் முதற் கடமை. ஏனெனில் நம்பியவை திடீரெனக் குலைந்ததே அப்பிள்ளையின் காயம்.

உறக்கமும் உணவும் குறைந்து பிள்ளை நெடுநாள் வாடியிருந்தால், அல்லது ‘நான் இல்லாமலே போகலாம்’ என்பதுபோன்ற சொல் அதன் வாயினின்று வந்தால், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரை நாடுதல் குடும்பத்துக்கு இழுக்கு என்னும் எண்ணத்தை நம் இல்லங்களிலிருந்து அகற்றியாக வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம், கலங்கிய உள்ளத்துக்குக் கேட்க நாணுவது ஏன்?

நம் சங்கத்தில் விழா நாள்களில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், நன்று. பேசாத பிள்ளைகளுக்காகவும் மாதம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் என்ன? பரிசும் போட்டியும் இன்றி, மரத்தடியில் விளையாட்டும் கதையுமாக அவர்கள் கூடட்டும். பொறுமையுள்ள பெரியோர் சிலர் அருகில் இருக்கட்டும்.

ஊர் எல்லை மண்குதிரை ஒருநாளும் பேசியதில்லை. எவர்க்கும் அறிவுரை சொன்னதும் இல்லை. இருளில் நம் அருகில் நின்றது, அவ்வளவே. அதைக் கண்டே நம் முன்னோர் அச்சம் தெளிந்தனர். நம் பிள்ளைகளின் இருளில் அவ்வாறு நிற்க, நம்மில் ஒவ்வொருவராலும் இயலும்.